4294967297: காரணிகள் குறித்து ஓர் உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் சமூக மன்றம் ஒன்றில் உயர்நிலை நான்கு மாணவர்களுக்குத் தமிழில் கணிதம் சொல்லித்தரும் நான், 2இன் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டக் கிடைக்கும் 4294967297 என்ற எண்ணை அவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பகா எண் என்று ஃபெர்மா கருதிய இதனை, 641 × 6700417 என 1732இல் ஆய்லர் பிரித்துக் காட்டினார்.

641 இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பதற்கான நிறுவல் மிக அழகானது. 641 என்பது 5 × 128 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் அமைகிறது. இவ்விரண்டுமே போதும், நீள் வகுத்தல் தேவையில்லை.

என் சிக்கல் 6700417 பகா எண் என்று காட்டுவதில் இருக்கிறது. அதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதால், அதன் வர்க்கமூலம் 2588ஐ ஒட்டியிருக்க, 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். மாணவர்கள் கையாலேயே செய்துவிடுவார்கள். ஆனால் அந்த 128 எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதல் என்பது வரை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். 128க்கு நான் அறிந்த வழி இருபடி எச்சங்களின் (வர்க்க எண்களை ஒரு பகா எண்ணால் வகுக்கக் கிடைக்கும் மீதிகளின்) வழியே செல்கிறது, அது இவ்வயதினருக்குக் கடினம். எளிய வழி அறிந்தவர்கள் படிப்படியாக எழுதி உதவுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.