ஸ்னோ காட்டுக்கை கார் றலி பாக்கப் போறன், எங்க நிக்கிறது?

கிளிநொச்சி_கராச்:
வணக்கம். அக்கா குடும்பம் சுவீடனில. வாற மாசிக்கு அங்க போறன், விசா கிடைச்சிட்டுது. உமேயோவில நடக்கிற உலகக் கார் றலிக்கு அத்தான் ரிக்கெற்றும் எடுத்து வைச்சிருக்கிறார். அவருக்குக் கார் எண்டா வேலைக்குப் போய்வரத்தான், றலி ஒருநாளும் பாத்ததில்லை. நான் ஏ9 றோட்டுக்கரையில கராச் வைச்சு, எஞ்சின் சத்தத்துக்கை சோறு தின்னுறவன். குளிருக்கு என்ன உடுக்கிறதெண்டு அக்கா சொல்லுவா. என்ர யோசினை வேற. 2024 சித்திரையில தியத்தலாவ பொக்ஸ் ஹில் கார் ஓட்டப் போட்டியில கார் சனத்துக்கை பாய்ஞ்சு 7 பேர் செத்தது இன்னும் கண்ணுக்கை நிக்குது. வேலி இல்லாத காட்டு றோட்டில எங்க நிண்டு பாக்கிறது? போன ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.

மல்லாவியான்:
தம்பி, நான் மூண்டு தரம் போயிருக்கிறன். சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்.

மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில யானை நிண்டா என்ன செய்வீர்? மோட்டச்சைக்கிளைத் திருப்பி வைச்சு, எஞ்சினை நிப்பாட்டாமல்தானே பாப்பீர். அதே கணக்குத்தான் இங்கயும். வளைவின்ர வெளிப்பக்கம் நிக்கவே வேண்டாம், பிடி விட்ட கார் அங்கதான் வரும். றோட்டை விட உயரமான இடமாப் பாத்து, நல்லாத் தள்ளி, பின்னால ஓட வழி விட்டு நில்லும். ஆணி ரயர் சத்தம் கேட்டா போனைப் பொக்கற்றுக்கை வையும். படம் எடுக்கிறவன்தான் காரைக் கடைசியாக் காணுறவன்.

முதல் வருசம் நான் விட்ட பிழையைச் சொல்லுறன். றோட்டுக்கரையில ஸ்னோவைத் தள்ளி இடுப்பளவுக்கு வரம்பு மாதிரி விட்டிருப்பாங்கள். அதுக்குப் பின்னால நிண்டாப் பாதுகாப்பு எண்டு நினைச்சு நானும் போய் நிண்டன். ஒரு கிழவன் வந்து, பாசை ஒண்டும் விளங்கேல்லை, ஜக்கற்றில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனார். பிறகு பாத்தா, ஓட்டுறவங்கள் வேணுமெண்டே கார்ப் பின்பக்கத்தை அந்த வரம்பில சாய்ச்சுத்தான் வளைவெடுக்கிறாங்கள்! நான் நிண்ட இடத்தில ஒரு பாய் அகலத்துக்கு வரம்பைக் காணேல்லை. ஸ்னோ இளக்கமா இருந்தா காரை உள்ள இழுத்தும் போடும்.

வழுக்குற றோட்டெண்டு மெல்லமாப் போவாங்கள் எண்டு நினையாதையும். சராசரி வேகமே 100 கிலோமீற்றருக்கு மேல. ஏனெண்டு ரயரைப் பாத்தா உமக்குத்தான் முதலில விளங்கும். தார் றோட்டு றலிக்குப் போடுற ரயரை விட ஒடுக்கம். ஒண்டில 380 மட்டில் ஆணி. சேத்து வயலுக்கை லான்ட்மாஸ்ரரின்ர இரும்புச் சில்லு கடிக்கிற மாதிரி ஆணி ஐஸைக் கடிக்கும். ஒடுக்கமா இருக்கிறதால மேல் ஸ்னோவை வெட்டிக்கொண்டு அடி ஐஸில போய் இருக்கும்.

கார் வர மணித்தியாலக் கணக்குக்கு முதலே றோட்டைப் பூட்டிப்போடுவாங்கள். வெள்ளனப் போய், காட்டுக்கை நடந்து, இடம் பிடிச்சு, விறைச்சுக்கொண்டு நிக்கோணும். சைபர் இலக்கம் போட்ட கார்கள் முதலில போகும், பாதை சரியோ எண்டு பாக்க. பிறகு ஹெலி வரும். மரத்துக்கு மேலால அந்தச் சத்தம் கேட்டவுடன பக்கத்தில நிண்ட சுவீடன்காரன் எல்லாம் றோட்டைப் பாத்தாங்கள். நான் மட்டும் படுக்க இடம் பாத்தன். சரி, அதை விடும்.

கார் கடந்து போறது மூண்டு செக்கன். ஸ்னோத் தூள் வந்து தேத்தண்ணி மூடிக்கை விழும். அடுத்ததுக்கு ரெண்டு மூண்டு நிமிசம் பாத்துக்கொண்டு நிக்கோணும். எல்லாம் முடிஞ்சு கடைசியா வாற பாதுகாப்புக் கார் போகுமட்டும் றோட்டில கால் வைக்கக்கூடாது.

வவுனியா_வாசி:
காலநிலை மாறுது எண்டுறாங்கள். ஸ்னோ இல்லாட்டி? ரிக்கெற் காசு போச்சோ? 😄

மல்லாவியான்:
பகிடி இல்லை, நடந்திருக்கு. 1990இல ஸ்னோ இல்லாமல் றலியையே விட்டவங்கள். 2020இலயும் காணாமல் ஓட்டத்தைக் குறைச்சுத்தான் நடத்தினவங்கள். 2022இல வடக்க உமேயோவுக்குக் கொண்டு போனதும் ஸ்னோ நிச்சயம் வேணுமெண்டுதான். ஸ்ரொக்கோமிலிருந்து 600 கிலோமீற்றருக்கு மேல, அதால தம்பி யோசிக்கத் தேவையில்லை.

கிளிநொச்சி_கராச்:
பெரிய உதவி அண்ணை. அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன், வரம்புக் கதையோட மனுசன் பேசாமல் போட்டார். சாப்பாடு, சப்பாத்து?

மல்லாவியான்:
ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு போகாதையும். மைனஸ் 18இல சம்பல் கல்லு, கரண்டி வளைஞ்சு போச்சு. பிளாஸ்க்கில சூப் கொண்டு போம். சப்பாத்து ஒரு அளவு பெரிசா எடும், கம்பளி மேஸுக்கு இடம் வேணும். போனை உள்சட்டைக்கை வையும், என்ரது 40 வீதத்தில செத்துது. முக்கியமா, கால் நேர ஸ்னோவில முட்டக்கூடாது. ஒரு ரெஜிபோம் துண்டில ஏறி நில்லும்.

கிளிநொச்சி_கராச்:
ரெஜிபோமோ? முல்லைத்தீவு மீன் பெட்டி மூடி கிடக்கு. மணக்காதே?

மல்லாவியான்:
அந்தக் குளிருக்கை மணக்காது. அக்கா வீட்டு ஹீற்றருக்குக் கிட்ட மட்டும் வைச்சிடாதையும்.