காத்தடிச்ச குளத்துல ஓட்டை, சைக்கிள் சொல்யூஷன் நிக்க மாட்டேங்குது. வேற என்ன பசை?

மாடிவீடு_திருநகர்:
பிள்ளைகளுக்கு வாங்கின காத்தடிக்கிற நீச்சல் குளம். மேல் வளையத்துல ஊசி ஓட்டை. சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தா ஒரே இடத்துல சரஞ்சரமா நுரை வருது. பழங்காநத்தத்துல ஒரு சைக்கிள் கடையில குடுத்தோம். ட்யூப்புக்குப் போடுற மாதிரியே உரசி, சொல்யூஷன் தடவி, ரப்பர் பேட்ச் வச்சுக் குடுத்தார். சாயங்காலத்துக்குள்ள ஓரம் கெளம்பிருச்சு, நகத்தால நெம்புனா முழுசா உரிஞ்சு வருது. பிளம்பர் போடுற பைப் பசையைப் போடலாம், ரெண்டும் பிவிசிதானேங்கிறார் மச்சான். போடலாமா? லீவு முடியிறதுக்குள்ள சரி பண்ணணும்.

ஜம்பிங்பலூன்_மேலூர்:
சைக்கிள் கடைக்காரரைக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. அந்தச் சொல்யூஷன் ரப்பரோடதான் சேரும். உங்களது வினைல், அதாவது மெது பிவிசி. அடியில முக்கோணத்துக்குள்ள 3 போட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா பிவிசியேதான்.

மச்சான் சொல்றது பாதிதான் சரி. பைப் பசை பிவிசியைக் கரைச்சுத்தான் ஒட்டுது, ஆனா அது அசையாத கெட்டிப் பைப்புக்குச் செஞ்சது. மெல்லிசு ஷீட்ல தடவினா ஷீட் சுருங்கும், காய்ஞ்சதும் விறைச்சுக்கும். பிள்ளைக வளையத்துல ஏறி உக்காந்தா பேட்ச் ஓரத்துலயே விரிசல் விடும். சூப்பர் க்ளூவும் அப்படித்தான்.

தோல்பை_தெற்குமாசி:
செருப்புச் சாமான் விக்கிற கடையில பியூ பசைன்னு கேளுங்க, பாலியூரித்தேன். சோபா, ஃபோமுக்குப் போடுற மஞ்சப் பசையும் முதல்ல நல்லாத்தான் பிடிக்கும். ஆனா பிவிசியை மெதுவா வைக்க ஒரு எண்ணெய் கலந்திருப்பாங்க. அது கொஞ்சங்கொஞ்சமா வெளிய கசிஞ்சு மஞ்சப் பசையை இளக்கிரும். வெயில்ல இன்னும் சீக்கிரம். பியூ அந்த எண்ணெயைத் தாங்கும்; பிவிசி அடிப்பாகம் வச்ச செருப்புக்கு அதைத்தான் போடுறோம்.

மாடிவீடு_திருநகர்:
நன்றிண்ணே. பேட்சுக்கு ரப்பர் ஆகாதுன்னா என்ன வைக்க? குளத்தோட வந்த துண்டைக் காணோம்.

தோல்பை_தெற்குமாசி:
டைனிங் டேபிள் மேல விரிக்கிற கண்ணாடி ஷீட் மெது பிவிசிதான், மெல்லிசா இருக்கிறதை எடுங்க. கிழிஞ்ச நீச்சல் வளையம் இருந்தா அதைவிட நல்லது. மூலை இல்லாம வட்டமா வெட்டுங்க, மூலை இருந்தா அங்கிருந்துதான் கெளம்பும்.

காத்தை முழுசா எறக்கிட்டுத் தரையில விரிங்க. பழைய சொல்யூஷன் துளிகூட இருக்கக் கூடாது. ஸ்பிரிட்ல துடைங்க, தின்னர் ஊத்தித் தேய்க்காதீங்க. பியூ பசையைக் குளத்துல ஒட்டுற இடத்துலயும் பேட்ச்லயும் மெல்லிசாத் தடவி காயவிட்டு, திரும்ப ஒரு கோட். விரல் வச்சா பிசுபிசுன்னு இருக்கணும், ஆனா விரல்ல ஏறக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் ஒரு ஓரத்துலேருந்து வச்சு, கரண்டி முதுகால நடுவிலேருந்து வெளிய தேயுங்க. ஒரு நாள் முழுக்கக் காத்தடிக்காதீங்க. அவசரப்பட்டா மறுபடி இங்கிட்டுத்தான் வருவீங்க. மொட்டை மாடியில வச்சுச் செய்ங்க, அடுப்புப் பக்கம் வேண்டாம். அந்த வாடை தலையச் சுத்தும், தீயும் பிடிக்கும்.

வைகைக்கரை:
மேலூர்க்காரரே, உங்க ஜம்பிங் பலூனுக்கும் இதே பசையா? திருவிழாவுல பார்த்தேன், தையல்ல காத்து புஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருந்துச்சு.

ஜம்பிங்பலூன்_மேலூர்:
அது போகத்தான் செய்யும். எங்களது ப்ளோயர் நிக்காம ஓடும், தையல் ஓட்டையில போறதைவிட உள்ள வர்றது அதிகம். அதனால கிழிஞ்சா தச்சுட்டு மேல பிவிசி தார்ப்பாய்த் துண்டை ஒட்டினாப் போதும். குளத்துல ஒருதடவை அடிச்ச காத்து உள்ளயே நிக்கணும், ஊசி ஓட்டையும் ஆகாது.

மாடிவீடு_திருநகர்:
பியூ பசை வாங்கியாச்சு, காயுது. இப்பப் பார்த்தா வால்வுக்குப் பக்கத்து ஒட்டு வரிசையிலயும் லேசா நுரை. அதையும் இப்படியே அடைக்கலாமா?

தோல்பை_தெற்குமாசி:
அது சூடு வச்சு இணைச்ச இடம்ண்ணே, மேடு பள்ளமா இருக்கும். பேட்ச் உக்காராது. ஓட்டை தெரிஞ்சா பசையை மட்டும் உள்ள இறக்கி, ரெண்டு உதட்டையும் கிளிப் போட்டுப் பிடிச்சு வைங்க. நின்னா நின்னது. இல்லாட்டி புதுசு வாங்குற கணக்குத்தான். அப்புறம், மத்தியான வெயில்ல டைட்டாக் காத்தடிச்சு வைக்காதீங்க; சூட்டுல காத்து விரிஞ்சு முதல்ல அந்த ஒட்டைத்தான் பிரிக்கும்.