ஏற்றத்தில் செயின் தாவுகிறது: சைக்கிளை மேம்படுத்துவதா, புதியது வாங்குவதா?

சத்துவாச்சாரி மிதிவண்டி:
வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் முதல் மலைச் சைக்கிளில், பாலமதி மலைச்சாலையில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் செயின் தாவுகிறது. முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் ஃபோர்க்கும் இறுகிவிட்டது. கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏற வேண்டும். எதை மாற்றலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரர்:
பின்னால் எத்தனை கியர்? செயினை எப்போதாவது மாற்றினீர்களா? பிரேக் டிஸ்க்கா, ரிம்மைப் பிடிப்பதா? இவை தெரியாமல் எதையும் சொல்ல இயலாது.

மலைப்பாதை:
முதலில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் ஃபோர்க் போடுங்கள். நான் மாற்றிய பிறகு அமிர்தி பக்கத்துக் கற்பாதையில் கை மரத்துப்போவது நின்றுவிட்டது.

பழைய பணிமனை:
தம்பி, செயின் தாவுவதற்கும் ஃபோர்க்குக்கும் தொடர்பே இல்லை. தொடக்க நிலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃபோர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழாய் மேலும் கீழும் ஒரே அகலத்தில் இருக்கும். இன்று வரும் நல்ல ஃபோர்க்குகள் பலவற்றின் தண்டு அடியில் பருத்திருப்பதால் அவை அதில் நுழையவே நுழையா. கேள்வி கேட்பதற்கு முன் இந்த அடிப்படையையாவது படித்துவிட்டு வரலாம்.

காட்பாடிக்காரர்:
ஃபோர்க்கை மாற்றச் சொன்னவர் அவர் அல்லர், ஐயா.

சத்துவாச்சாரி மிதிவண்டி:
பின்னால் 7, முன்னால் 3. டிஸ்க் பிரேக், கம்பியில் இயங்குவது. செயினை மாற்றியதில்லை.

காட்பாடிக்காரர்:
அப்படியானால் தேய்ந்த செயின் மீதுதான் என் ஐயம். அங்குல அளவுகோலின் ஒரு முனையை ஒரு கண்ணியின் ஊசி நடுவில் வைத்துப் பன்னிரண்டு அங்குலம் அளந்து பாருங்கள். புதிய செயினில் மறுமுனையும் சரியாக இன்னோர் ஊசியின் நடுவில் விழும். அந்த ஊசி அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும்; ஒரு நூல் தள்ளியிருந்தால், நீண்ட செயினோடு சேர்ந்து தேய்ந்த ஃப்ரீவீலையும், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியையும், மாற்றியாக வேண்டும், ஏனெனில் புதிய செயின் பழைய பற்களில் உட்காராமல் மேலும் மோசமாகத் தாவும்.

பாலாற்றங்கரை:
ஃப்ரீவீலை மாற்றுவதானால் பெரிய பல்சக்கரம் 34 பல் உள்ளதாக வாங்குங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

பழைய பணிமனை:
தேவையில்லை. முன்னால் 24 பல், பின்னால் 28 பல் இருந்தாலே மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது. அதற்கும் மேல் வேண்டுமென்பவர்கள் காலைப் பழக்கட்டும்.

பாலாற்றங்கரை:
எல்லாருடைய முழங்காலும் ஒன்றல்ல. நாற்பதைக் கடந்து சைக்கிள் ஏறிய எனக்கு, இறங்கித் தள்ளாமல் உச்சி வரை போக அந்த 34 பல்தான் உதவியது. ஆனால் பின் கியரை மாற்றும் கருவி 34 பல்லைத் தாங்கும் வகையா என்று கடையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய மாதிரிகள் சில 28 வரை மட்டுமே தாங்கும்.

பழைய பணிமனை:
அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

காட்பாடிக்காரர்:
ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கவலை இறக்கத்தில்தான். பிரேக் பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். தேய்மானப் பகுதி மெலிந்து அடித்தகடு தெரியும் நிலைக்கு வந்திருந்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் அவற்றை வாங்குங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

மலைப்பாதை:
டயரையும் பாருங்கள். சீமைக்கருவேல முள் வெளியே முறிந்து உள்ளே தங்கியிருந்தால், எத்தனை ட்யூப் மாற்றினாலும் பஞ்சராகும். விரலால் உட்புறம் தடவிப் பார்த்துவிட்டே பூட்ட வேண்டும்.

சத்துவாச்சாரி மிதிவண்டி:
அளந்தேன், ஒரு நூலுக்கும் மேல் இருந்தது. செயினும் 28 பல் ஃப்ரீவீலும் மாற்றினேன். பின் பேடில் தகடு தெரிந்தது, அதையும் மாற்றினேன். ஞாயிறு ஏலகிரி ஏறி இறங்கினேன், ஓரிடத்திலும் செயின் தாவவில்லை. ஃபோர்க் அப்படியே இருக்கிறது. நன்றி.