அல்லாஹ் இருக்கிறான் என்பதற்கு ஆதாரம் சொல்லத் தெரியாதவரின் ஈமான் (இறைநம்பிக்கை) செல்லுமா?

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும். அகீதா (நம்பிக்கைக் கொள்கை) பாடத்தில் உஸ்தாத் (ஆசிரியர்) ஒரு விஷயம் சொன்னார், அதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. ஆதாரம் எதுவும் அறியாமல், பெரியவர்கள் சொன்னார்கள் என்று மட்டும் நம்புகிற முகல்லிதுடைய ஈமான் பற்றி உலமாக்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கருத்து வேறுபாடு இருக்கிறதாம், அது செல்லும் ஆனால் அவர் பாவி என்று சிலர், செல்லவே செல்லாது என்றுகூடச் சிலர். இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் பெற்றோர் சொல்லித்தான் நம்பினேன். உலகம் புதிதாகத் தோன்றியது, தோன்றியது எதற்கும் தோற்றுவித்தவன் வேண்டும் என்கிற வாதத்தையே இப்போதுதான் படிக்கிறேன், யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் பதில் தெரியாது. அப்படியானால் இத்தனை காலம் தொழுத தொழுகை? இன்னொன்று, "எங்கள் முன்னோர்களை எதில் கண்டோமோ அதையே பின்பற்றுவோம்" என்றவர்களைக் குர்ஆன் (2:170) கண்டிக்கிறது. நானும் அதைத்தானே செய்கிறேன், பிறந்த வீடு மட்டும்தானே வேறு?

பதில் 1:

வ அலைக்கும் ஸலாம். முதலில் தொழுகையைப் பற்றிய பயத்தை விடுங்கள், அதைத் திருப்பித் தொழச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

இந்த விவாதம் அறிவுக்கு முதலிடம் கொடுத்த பழைய இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்களிடம் கூர்மையாக இருந்தது. அவர்களில் காழி அப்துல் ஜப்பார் (மறைவு 1025) மனிதன் மீதான முதல் கடமையே சிந்தித்து அல்லாஹ்வை அறிவதுதான் என்றார். சுன்னி இறையியல் பிரிவான அஷ்அரிகளில் பாகில்லானி, ஜுவைனி போன்ற பெரிய இமாம்களும் சிந்தனையையே முதலில் வைத்தார்கள், ஆனால் அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பதில் பிரிந்தார்கள்: முஃதஸிலாக்களுக்கு அறிவே கடமையாக்குகிறது, அஷ்அரிகளுக்கு ஷரீஅத் கடமையாக்குகிறது. பிற்காலத்தில் இமாம் ஸனூஸி (மறைவு 1490) மிகக் கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர். உங்கள் உஸ்தாத் சொன்ன "செல்லவே செல்லாது" அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான அஷ்அரி உலமாக்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அஷ்அரிகள் பாமர மக்களைக் காஃபிராக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, அது அவதூறு என்று இமாம் குஷைரி (மறைவு 1072) எழுதி மறுத்தார். இன்னொரு சுன்னி இறையியல் பிரிவான மாதுரீதிகள் ஈமான் செல்லும் என்கிறார்கள், சிந்திக்க முடிந்தும் சிந்திக்காமல் விட்டது குற்றம் என்பது அவர்கள் நிலை.

ஆனால் இங்கே எல்லோரும் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. சிந்தனை கடமை என்றவர்களும் தனிமனிதனிடம் கேட்டது தலீல் இஜ்மாலியை, அதாவது மொத்தமாக மனதில் பதிந்த ஆதாரத்தை. வாதத்தை வரிசையாக அடுக்கி, ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது தலீல் தஃப்ஸீலி, அது ஃபர்ளு கிஃபாயா, சமூகத்தில் சிலர் செய்தால் போதும். ஒட்டகச் சாணம் ஒட்டகத்தைக் காட்டுகிறது, காலடித் தடம் நடந்தவனைக் காட்டுகிறது, இந்த வானமும் பூமியும் படைத்தவனைக் காட்டாதா என்று ஒரு கிராமத்து அரபி கேட்டதாகச் சொல்வார்களே, அதுவே இஜ்மாலி. வானத்தைப் பார்த்து "ஸுப்ஹானல்லாஹ்" என்று மனதாரச் சொல்கிற யாரிடமும் அது இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் இருக்கும், வாய்விட்டு விளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பதில் 2:

மேலே உள்ள சகோதரர் நன்றாகச் சொல்லியிருக்கிறார், ஆனாலும் நான் அடிப்படையிலேயே மாறுபடுகிறேன். நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது முதலில் எதற்கு அழைக்கச் சொன்னார்கள்? ஷஹாதாவுக்கு, அதாவது கலிமாவுக்கு. பாலைவனத்திலிருந்து வந்து கலிமா சொன்னவர்களிடம் "உலகம் தோன்றியது என்பதை நிரூபி" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லாக் குழந்தையும் ஃபித்ராவில் (படைப்பின் இயல்பில்) பிறக்கிறது என்று புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. இப்னு தைமிய்யா இதை வைத்துத்தான் படைத்தவனை அறிவது மனிதனுக்கு இயல்பு, வாதம் செய்து தேடிப் பெறவேண்டியது அல்ல என்று கலாம் (வாதத்தால் கொள்கையை நிறுவும் இறையியல்) அறிஞர்களோடு மோதினார். அவரை விடுங்கள், கலாமில் கரை கண்ட கஸ்ஸாலி (மறைவு 1111) கடைசிக் காலத்தில் பாமர மக்களைக் கலாமிலிருந்து தடுக்கவேண்டும் என்றே தனி நூல் எழுதினார். தமக்கு வந்த சந்தேக நோய் வாதங்களை அடுக்கிச் சரியாகவில்லை, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளியால் சரியானது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் எதற்காக ஒரு சாதாரண முஸ்லிமின் மேல் இந்தச் சுமையை ஏற்றுகிறீர்கள்?

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் ஜஸாகல்லாஹ் கைர். மனம் கொஞ்சம் லேசானது. ஆனால் 2:170 பற்றி யாரும் சொல்லவில்லையே. ஃபித்ரா என்று நான் சொல்வதையே வேறு மதத்தவரும் "எனக்கும் உள்ளுணர்வு இருக்கிறது" என்று சொல்லலாம் அல்லவா?

பதில் 3:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அந்த வசனத்தைக் கடைசிவரை படியுங்கள்: அவர்களின் முன்னோர் எதையும் விளங்காதவர்களாக, நேர்வழி பெறாதவர்களாக இருந்தாலுமா? அல்லாஹ் இறக்கியதைப் பின்பற்றுங்கள் என்று சொல்லப்பட்ட பிறகு, அதைக் காதில் வாங்க மறுத்து முன்னோரைக் காட்டியவர்களுக்கான கண்டனம் இது. இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) இதே பாதையில்தான் போனார்: பின்பற்றும்படி அல்லாஹ் கட்டளையிடாதவரைப் பின்பற்றுவதே இகழப்பட்ட தக்லீத், தூதரைப் பின்பற்றுவது அதில் சேராது என்றார்.

ஆனால் இது மட்டும் உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் யார் உண்மையான தூதர் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. பதில் 2இல் சொன்னது கேள்வியே எழாதவருக்குப் பொருந்தும், உங்களுக்குக் கேள்வி எழுந்துவிட்டது. எழுந்தபின் அதை அமுக்கி வைப்பதுதான் ஆபத்து. இப்ராஹீம் (அலை) அவர்கள் இறந்தவற்றை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி கேட்டபோது "நீர் நம்பவில்லையா?" என்று அல்லாஹ் கேட்டான். "நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காக" என்றார்கள் (2:260). கேட்டதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை.

எங்கே தொடங்குவது என்றால் சூரா அத்தூர். பத்ருப் போர்க் கைதிகள் விஷயமாக மதீனா வந்த ஜுபைர் இப்னு முத்இம் அப்போது முஸ்லிம் இல்லை. மஃரிபில் நபி (ஸல்) அவர்கள் அந்த சூராவை ஓதுகிறார்கள், "அவர்கள் எந்தப் பொருளுமின்றிப் படைக்கப்பட்டார்களா, அல்லது அவர்களே படைப்பவர்களா?" (52:35) என்ற இடம் வந்ததும் தம் உள்ளம் பறந்துவிடும்போல் இருந்தது என்று பிற்பாடு அவரே சொல்கிறார், புகாரியில் இருக்கிறது. அந்த வசனம் முழுக்க முழுக்க ஒரு வாதம், இதயத்தையும் அதுவே உலுக்கியது. ஆதாரம் ஒரு பக்கம், ஈமான் மறுபக்கம் என்று பிரித்து வைத்துச் சண்டை போடுகிறோம், குர்ஆன் அப்படிப் பிரிக்கவே இல்லை.

பதில் 4:

ஒரு திருத்தம் மட்டும். இப்னு தைமிய்யா (மறைவு 1328) சிந்தனையே வேண்டாம் என்றவர் போல பதில் 2 ஒலிக்கிறது. தெளிவான அறிவும் ஆதாரப்பூர்வமான வஹீயும் (இறைச்செய்தியும்) மோதாது என்பதற்காகவே பல பாகங்களில் ஒரு நூல் எழுதியவர் அவர். ஃபித்ரா பழுதுபட்டவருக்குச் சிந்தனை தேவைப்படலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். எல்லோருக்கும் அதுவே முதல் கடமை என்பதைத்தான் மறுத்தார்.