வெள்ளம் – பேதி, காய்ச்சல் கணக்குக் குழு

சிஸ்டர்: இன்னைக்குப் பேதி 4. நேத்து 9. குறைஞ்சிருக்கு சார் 🙏

டாக்டர் சார்: எத்தனை நிவாரண முகாம் கணக்கு இது?

சிஸ்டர்: 6ல 3. மத்த மூணும் எதுவும் அனுப்பலை.

டாக்டர் சார்: அப்ப எப்படிம்மா குறைஞ்சதுன்னு சொல்றது? பேதியே இல்லைன்னாலும் 0ன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க. காலியா விட்டா, ஆளே போய்ப் பாக்கலையோன்னுதான் நினைக்கணும். ராத்திரி தங்குனவங்க தலைக்கணக்கும் வேணும். 200 பேர்ல 5ம் 500 பேர்ல 5ம் ஒண்ணில்ல.

சிஸ்டர்: லேசா வயிறு கலக்குனாகூட பேதின்னு சொல்றாங்களே?

டாக்டர் சார்: 24 மணி நேரத்துல 3 தடவையோ மேலயோ தண்ணியாப் போனாதான் எழுதணும். ரத்தம் கலந்தா தனி வரி. 5 வயசுக்குக் கீழ தனி, மேல தனி. பெரியவங்க யாராவது தண்ணியாப் போய் ஒரே நாள்ல வத்திப்போனா சாயங்கால அறிக்கைக்குக் காத்திருக்காதீங்க, உடனே போன். காலராவான்னு பாக்கணும். ஓஆர்எஸ் உடனே ஆரம்பிங்க. ஆன்டிபயாட்டிக் கொடுக்குற முன்னாடி பஞ்சுக்குச்சில மலம் எடுத்து கேரி-பிளேர் குழாய்ல (லேப் போற வரை கிருமியை உயிரோட வைக்கிற குழாய்) போடுங்க. அதை ஃபிரிட்ஜ்ல வைக்க வேணாம்.

தண்ணி டெஸ்ட் தம்பி: சார், தொட்டில குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கு. குடத்துல பாத்தா 0.

டாக்டர் சார்: குடத்துலயும் பாத்தியே, அதான் சரி. அங்க குறைஞ்சது 0.2 இருக்கணும். எதுல பாத்த?

தண்ணி டெஸ்ட் தம்பி: டிபிடி மாத்திரை, குளோரின் பாக்குற டெஸ்ட் மாத்திரை. பழைய ஓடி (ஆர்த்தோடொலிடின்) மருந்து இல்ல, அது அழுக்கோட சேந்து கட்டுண்ட குளோரினையும் சேத்து மஞ்சளாக் காட்டிடும். தண்ணி கலங்கலா இருக்கு சார், அந்த அழுக்கே குளோரினைத் தின்னுடுது. பிளீச்சிங் பவுடர் மூட்டையும் ஈரத்துல திறந்தே கிடந்துச்சு. 1000 லிட்டருக்கு 2.5 கிராம்ங்கிறது நல்ல பவுடருக்குத்தான்.

டாக்டர் சார்: தெளிய விட்டு, புது மூட்டைல போடு. அரை மணி கழிச்சு மறுபடி பாரு.

சிஸ்டர்: தண்ணி வடிஞ்சு 10 நாள் ஆச்சு. கணக்கை எப்ப நிறுத்தலாம் சார்?

டாக்டர் சார்: இப்ப வேணவே வேணாம். காலரா தொத்துனா 5 நாளுக்குள்ள தெரிஞ்சிடும். எலிக்காய்ச்சல் 30 நாள்கூட எடுக்கும். ஹெபடைடிஸ் ஈ-ன்னு கல்லீரலைத் தாக்குற மஞ்சள் காமாலை 10 வாரம் வரை போகும், கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து. மஞ்சள் காமாலை வரியை அதுவரை எடுக்காதீங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தா வெள்ளத்துல நடந்தாங்களான்னு கேளுங்க. முதல் வாரத்துல எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் ரத்த டெஸ்ட் நெகடிவ்னு வந்தாலும் விட்டுடாதீங்க.

சிஸ்டர்: விட்டுப்போன முகாமுக்கெல்லாம் போன் போட்டேன். ஒண்ணுல 0. ஒண்ணுல 7. இன்னொண்ணு எடுக்கலை.

டாக்டர் சார்: அப்ப இன்னைக்கு 11, 5 முகாம்லன்னு மாத்தி எழுதுங்க. ஆறாவதுக்கு ஆளை அனுப்புங்க.