சிஜே3பி ஜீப்: துருப்பிடித்த சேசிஸில் பேட்ச் போதுமா, மாற்றணுமா?

கேள்வி (கோத்தகிரி): பழைய மஹிந்திரா சிஜே3பி. பின்பக்க ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்குற தாங்கி) மேல சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) அரிச்சு, ஸ்க்ரூடிரைவர் உள்ள போகுது. அங்க மட்டும் தகடு வெல்டிங் பண்ணி பேட்ச் அடிக்கலாமா?

பதில் (குன்னூர்): சுத்தியலால சேசிஸ் முழுக்கத் தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்ச இடம் மொத்துனு கேக்கும். ஓட்டை ஒரே இடத்துலன்னா பேட்ச் தாராளம். ரெண்டு பக்க ஹேங்கரும் கிராஸ் மெம்பரும் (ரெண்டு பக்கத்தையும் இணைக்குற குறுக்குச் சட்டம்) போயிருந்தா சேசிஸை மாத்துறதுதான் புத்திசாலித்தனம்.

வெட்டுறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை அளந்து குறிச்சு வைங்க. துருவை வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுங்க. பழைய தகடு கனத்துலயே, சுமார் 3 மி.மீ., புதுசு போடுங்க. பேட்ச் முனையைச் சாய்வா வெட்டுங்க; நேர் குறுக்கா வெல்டிங் விட்டா, குண்டும் குழியுமான எஸ்டேட் ரோட்டுல அந்தக் கோட்டுலயே விரிசல் விடும். துண்டு துண்டா, ஆற விட்டு ஆற விட்டு வெல்டிங் பண்ணுங்க, இல்லன்னா சேசிஸ் முறுக்கிக்கும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு, கட்டாயம் கழட்டிடுங்க. பேட்டரியும்.

பதில் (கூடலூர்): துரு மேலயே தார் பூசிடாதீங்க. ஈரம் உள்ள மாட்டி இன்னும் வேகமா அரிக்கும். துருவை எடுத்துட்டு எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்குற அடிப்பூச்சு), அதுக்கு மேல பெயிண்ட், உள்பக்கம் மெழுகு அடிங்க. தண்ணி வடியுற ஓட்டைகளை அடைக்காதீங்க.

கேள்வி: சேசிஸ் மாத்தினா ஆர்.சி.க்கு (வண்டிப் பதிவுச் சான்று) என்ன பண்ணணும்?

பதில் (குன்னூர்): கை வைக்கிறதுக்கு முன்னாடியே ஊட்டி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்க. சேசிஸ் நம்பர் இருக்குற இடத்தை வெட்டவோ கிரைண்டர் வைக்கவோ கூடாது.