பெட்டியிலிருந்து எடுத்த ரைபிளும் ஆயிரம் கெஜமும்

நெடுந்தூரக் குறிசுடலுக்குத் தனியாகச் சொல்லிச் செய்வித்த துப்பாக்கி தேவையா, தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியே போதுமா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள பிஸ்லி சுடுதளத்தில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை அதற்கு விடையாக எழுதுகிறேன்.

இங்கே காவல்துறை வழங்கும் சான்றிதழில் எந்தக் காலிபர் (தோட்டா அளவு), எத்தனை தோட்டாக்கள் என்பதுவரை குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஆகவே காலிபரைத் தேர்ந்தெடுக்கவே பல வாரங்கள் எடுத்துக்கொண்டேன். 1952-ல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டா எங்கும் கிடைக்கும். குழலும் நெடுநாள் உழைக்கும். இருந்தாலும் நான் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையை எடுத்ததற்குக் காற்றுதான் காரணம். மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கக் காற்று வீசும்போது, ஆயிரம் கெஜத்தில் இதன் மெலிந்து நீண்ட 140 கிரெயின் (குண்டின் எடையளவு) குண்டு சுமார் 2 மில் ஒதுங்குகிறது (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு); .308-ன் 175 கிரெயின் குண்டோ 3 மில்லை நெருங்குகிறது. காற்றைக் கணிக்க இன்னும் கற்றுக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு மில் பெரிய துணை.

துப்பாக்கியாக ஃபின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் வார்மின்ட் வகையை வாங்கினேன். தடித்த குழல், நீண்ட குண்டுகளை நிலைப்படுத்தும் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற உட்புரி (குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள்), அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளக்கூடிய விசை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு வேறு எதையும் தேடவில்லை. மிச்சமான பணத்தை ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில் போட்டேன். குறியை மேலும் கீழும் திருத்த அதிலுள்ள மொத்த ஏற்ற இறக்கம் 18 மில். நடுவில் ஜீரோ (நூறு கெஜத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும் நிலை) அமைந்தால் மேல்நோக்கி 9 மில்தான் எஞ்சும்; ஆயிரம் கெஜத்தில் குண்டு தாழ்வதை ஈடுகட்டவே ஏறக்குறைய அவ்வளவும் செலவாகிவிடும். எனவே முன்பக்கம் 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சரிந்த தண்டவாளத்தை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் உலோகப் பட்டையை, அதன் அடியில் பொருத்தச் சொன்னேன். அதனால் மேலும் 5.8 மில் கிடைத்தது.

முதல் நாள் நூறு கெஜத்தில் மூன்று குண்டுகள் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின. நான்காவது 5 செ.மீ. தள்ளி விழுந்தது. தோட்டாவைச் சந்தேகித்து மூன்று வகைகள் மாற்றிப் பார்த்தேன். பிறகு என் மூச்சையும் விரலையும் சந்தேகித்தேன். ஒரு மாதம் கழித்து ஸ்கோப்பைக் கழற்றியபோதுதான் தண்டவாளத்தின் பின் திருகுகள் இரண்டும் விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது தெரிந்தது. பொருத்திக் கொடுத்த கடையில் திருகுத் துளைகளிலிருந்த எண்ணெயைத் துடைக்காமலே முடுக்கியிருக்கிறார்கள். எண்ணெய் நீக்கி, திருகு தளராமல் பிடிக்கும் பசை இட்டு, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) முடுக்கினேன். துப்பாக்கிக் கட்டையைப் பிணைக்கும் திருகுகளையும் அப்படியே முறையாக முடுக்கினேன். அதன்பின் பத்துக் குண்டுகள் 3 செ.மீ. வட்டத்துக்குள் நின்றன. மூன்று குண்டுகளை வைத்து ஒரு துப்பாக்கியை மதிப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது சாய்வு. இதைத்தான் புதியவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். ரசமட்டத்தை ஸ்கோப்பின் மேல்குமிழ் மூடிமேல் வைத்துச் சரிபார்த்தது போதும் என்று நினைத்திருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர், நூறு மீட்டரில் உயரமான தாளைத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு கட்டி அதன் நூலை ஒட்டியே செங்குத்துக் கோடு வரையச் சொன்னார். கோட்டின் அடியிலுள்ள புள்ளியையே குறிவைத்துக்கொண்டு, ஸ்கோப்பில் மட்டும் 8 மில் ஏற்றிச் சுட்டால் குண்டு 80 செ.மீ. மேலே, அதே கோட்டின்மீது விழ வேண்டும். என்னுடையது உயரத்தில் சரியாக இருந்தது. ஆனால் கோட்டுக்கு 3 செ.மீ. வலப்புறம் விழுந்தது. ஸ்கோப் ஏறக்குறைய இரண்டு பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஆயிரம் கெஜத்தில் இதே சாய்வு ஏறக்குறைய 30 செ.மீ. பிழையாகியிருக்கும். நானும் அதைக் காற்றின் கணக்கில் எழுதி, தவறான பாடத்தையே பல ஆண்டுகள் படித்திருப்பேன். ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக் கம்பியைத் தூக்குநூலோடு பொருந்தும்படி திருப்பி, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களை மறுபடி முடுக்கினேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிஸ்லியின் ஸ்டிக்கிள்டௌன் தளத்தில் ஆயிரம் கெஜக் கோட்டில் படுத்தேன். 8.7 மில் ஏற்றி, கொடிகளைப் பார்த்து 1 மில் இடப்புறம் வைத்தேன். இரண்டாவது குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

மற்றோர் உறுப்பினர்:

ஐயா, உங்கள் பதிவில் .308-ஐப் பற்றி எழுதியிருப்பதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். இருபது அங்குலக் குழல் கொண்ட .308 ஒன்றை வாங்கி, பலரும் பரிந்துரைத்த 168 கிரெயின் போட்டிக் குண்டுகளைப் பயன்படுத்தினேன். பிஸ்லியின் செஞ்சுரி தளத்தில் அறுநூறு கெஜம்வரை எந்தக் குறையும் இல்லை. ஆயிரம் கெஜத்திலோ சில குண்டுகள் இலக்கையே காணவில்லை. பட்டவற்றில் இரண்டு பக்கவாட்டில் மோதி நீள்வட்டத் துளையிட்டிருந்தன. அந்தக் குண்டு 300 மீட்டர்ப் போட்டிக்காக வடிவமைக்கப்பட்டது என்றும், அதன் பின்முனைச் சரிவு 13 பாகையாக இருப்பதால் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நிலைகுலைகிறது என்றும் பிறகு அறிந்தேன். குட்டைக் குழலில் தொடக்க வேகமே குறைவு என்பதால் அந்த நிலை இன்னும் முன்னதாக வந்துவிடுகிறது. சரிவு 9 பாகையுள்ள 175 கிரெயினுக்கு மாறியதும் துளைகள் வட்டமாயின. துப்பாக்கியில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டிக்காவின் கட்டையில் கன்னம் வைக்கும் உயரம் போதுமானதாக இருந்ததா?

முதல் பதிவர்:

போதவில்லை, நண்பரே. பெரிய முன்கண்ணாடி உள்ள ஸ்கோப் என்பதால் வளையங்கள் உயரமாகிவிட்டன. தாடையைத்தான் வைக்க முடிந்தது. தலை ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் அமைந்ததால், பாரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராதிருக்கச் செய்யும் தூரத் திருத்தம்) சிறிது பிசகியிருந்தாலும் குறுக்குக் கம்பி இலக்கின்மேல் நகர்வது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் படம் முழுமையாகத் தெரியும்வரை ரப்பர் நுரைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். எனக்கு 18 மி.மீ. தேவைப்பட்டது. உங்கள் முகத்துக்கு எவ்வளவு என்பதை நீங்கள் படுத்துப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.